எறும்பு பார்க்கும் சாமியார்

தொண்ணூற்றாறாம் ஆண்டில் இந்த நாட்டில் எதற்கும் எவரும் சாட்சி சொல்ல முன்வருவதில்லை. கடை எரிந்தால் பார்த்தவர் இல்லை. ஆள் காணாமற்போனால் கேட்டவர் இல்லை. அப்படிப்பட்ட காலத்தில், கூப்பிட்டவுடன் வரிசையாக வந்து சாட்சி சொல்ல ஒரு கூட்டம் கண்டிப் பக்கத்தில் கிளம்பியது. அந்தக் கூட்டத்துக்கு அடையாள அட்டை கிடையாது. ஏனென்றால் அவை எறும்புகள்.

எறும்பு சொல்வதை நமக்கு விளக்கிச் சொல்ல ஒரு மகானும் வாய்த்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி, அலவத்துகொடைக்குப் போகும் வழியில், கைவிட்ட றப்பர் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் அவருடைய தகரக் கொட்டில் இருந்தது. கொட்டிலுக்குள்ளேயே ஒரு பெரிய எறும்புப் புற்று. அந்தப் புற்றுக்குள் சிவபெருமானே குடியிருக்கிறார் என்று சாமியார் சொன்னார். கைலாயத்தை விட்டு இந்தத் தகரக் கொட்டிலுக்கு அவர் ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. யுத்த காலம். அவரும் இடம்பெயர்ந்திருக்கலாம்.

சோதனை மிகவும் எளிது. காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போகவேண்டும். சாமியார் அதை ஒரு வாழையிலைத் துண்டில் கொஞ்சம் ஊற்றுவார். இடப்பக்கத்து டப்பாவிலிருந்து திருநீறு எடுத்து, மந்திரம் சொல்லித் தூவுவார். பிறகு இலையைப் புற்றருகே வைப்பார். எறும்பு மொய்த்தால் செய்வினை. மொய்க்காவிட்டால் செய்வினை இல்லை. முதல் சோதனையில் மொய்க்காத ஆளை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. கண்டி மாவட்டம் முழுவதும் இத்தனை பேர் இத்தனை பேருக்குச் செய்வினை வைத்துக்கொண்டிருந்தால், சமைக்கவும் துவைக்கவும் இவர்களுக்கு எங்கே நேரம் கிடைத்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறினால் தெரியும். ஆளுக்கொரு போத்தல். சோடாப் போத்தல், நெக்டோ போத்தல், இருமல் மருந்துப் போத்தல். ஓர் உத்தியோகத்தர், மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற நவரட்ணராஜா, பி.ஏ. பட்டதாரி, கோட்டும் போட்டுக்கொண்டு, வெளிநாட்டு விஸ்கிப் போத்தல் ஒன்றில் தன்னுடையதைக் கொண்டுவருவார். படித்தவரல்லவா, தராதரம் வேண்டாமா?

முதல் வாரம் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் நவரட்ணராஜாவின் விஸ்கிப் போத்தலைக் கண்டான். முகம் மலர்ந்தது.

"மே மொனவத?" என்றான். இது என்ன என்று கேள்வி.

"முத்ரா, மஹத்தயா," என்றார் நவரட்ணராஜா, சிறுநீர் என்பதை அரசாங்க சேவையில் பழகிய சுத்தமான சிங்களத்தில்.

சிப்பாய் நம்பவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தான். அதற்குப் பிறகு நம்பினான். அடுத்த வாரத்திலிருந்து அந்த பஸ் வந்தால் சிப்பாய்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, போ போ என்று கையைக் காட்டினார்கள். தமிழர் நிறைந்த ஒரு பஸ் சோதனை இல்லாமல் பாலத்தைக் கடந்த அதிசயம் அந்த யுத்தத்தில் அதுவொன்றுதான். சாமியார் செய்த உண்மையான அற்புதமும் அதுவொன்றுதான்.

இனி பரிமளத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

கண்டி நகரத்து மஹய்யாவையில் மாநகர சபை ஊழியர் அழகமுத்துவின் மனைவி அவள். வயது ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தது. சீனி வியாதி பல வருடமாக இருந்தது. பிரஷரும் இருந்தது. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையைக் கச்சான் கடலை சாப்பிடுவது போலச் சாப்பிடுவாள். காலையில் எழும்போது முகம் கொஞ்சம் உப்பியிருக்கும். கக்கூசில் எறும்பு ஊர்வதையும், சிறுநீர் சவர்க்காரத் தண்ணீர் போல நுரைப்பதையும் கண்டு பயந்து அவள் சாமியாரிடம் போனாள். ஆஸ்பத்திரிக்கல்லவா போயிருக்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் கேட்பீர்கள். நம் ஆட்கள் கேட்கமாட்டார்கள்.

இலையில் ஊற்றியதும் எறும்பு ஓடிவந்தது. சாமியார் கண்ணை மூடினார்.

"ஒங்கப்பா கால் வீங்கித்தானே போனாரு?"

பரிமளத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஆமாங்க சாமி!"

"அவருக்கும் எறும்பு வந்திச்சி."

"ஆமாங்க சாமி, அவருக்கும் சீனி!"

"பிரஷரு இருக்கு. வலி மாத்திர வருஷக்கணக்கா போடுற."

"எல்லாத்தையும் கண்ணால பாத்த மாதிரியே சொல்றீங்களே!"

கண்ணால் பார்த்துத்தான் சொன்னார். கையிலே மாத்திரைப் பை, முகத்திலே வீக்கம், இலையிலே எறும்பு. இவ்வளவையும் பார்த்த எந்த டாக்டரும் அதே கேள்விகளைத்தான் கேட்பார். டாக்டர் கேட்டால், பழங்கதையெல்லாம் எதற்கு, மருந்தைக் கொடுத்தால் போதாதா என்று நமக்கு எரிச்சல் வரும். சாமியார் கேட்டால் ஞானதிருஷ்டி.

"இது குடும்பத்தோட வர்ற சாபம்," என்றார் சாமியார். "சும்மா கெடந்தத இப்ப ஒருத்தி செய்வின வச்சி எழுப்பிட்டா. ஒங்க வீட்டுலதான் இருக்கா. ஒங்க ரத்தம் இல்ல."

"எங்க நாத்தனாருங்களா சாமி?"

"நான் பேரு சொல்ல மாட்டேன். நீயே சொல்லிட்ட."

மைத்துனியோ மருமகளோ மாமியாரோ இல்லாத வீடு நம்மிடையே எது? சாமியார் யாரையும் குறிபார்த்துக் கல் எறிய வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் யாராவது ஒருத்தியின் தலையில் விழும்.

அந்தத் தலை இராஜகுமாரியின் தலை. அழகமுத்துவின் தங்கை. எண்பத்து மூன்று கலவரத்தில் மாத்தளையில் வீடும் புருஷனும் போன பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். கண்டி கடைத்தெருவில் ஒரு புடவைக்கடையில் வேலை. அன்றுவரை அவளும் அண்ணியும் ஒரே தட்டில் சாப்பிடாத குறைதான். அன்று மாலையிலிருந்து அவள் ஊற்றிய தேத்தண்ணியைப் பரிமளம் தொடவில்லை.

சாமியாரின் பரிகாரம் இப்படி: கையிலுள்ள மாத்திரை எல்லாவற்றையும் புற்றுக்கு முன்னாலுள்ள பித்தளை அண்டாவில் காணிக்கையாகப் போட்டுவிட வேண்டும். "மாத்திர ஒடம்புல இருந்தா மந்திரம் ஒட்டாது." பதிலுக்கு அவர் தரும் பிரசாதப் பொடியைத் தினமும் மூன்று வேளை விழுங்க வேண்டும். இடையிடையே போய்ச் சோதனை. பரிமளம் மாத்திரைகளைப் போட்டாள். காதில் கிடந்த தோட்டையும் போட்டாள். சில வாரம் கழித்து, சாமியார் இம்முறை வலப்பக்கத்து டப்பாவிலிருந்து திருநீறு எடுத்துத் தூவினார். எறும்பு இலையைச் சுற்றிப் போனதே தவிர, தொடவில்லை. கூட்டம் கைகூப்பியது. பரிமளம் அழுதேவிட்டாள். பொடியைச் சாப்பிட்டதில் முழங்கால் வலியும் பறந்துபோயிற்று. வேறென்ன வேண்டும்?

வலி போயிற்று. வீக்கம் வந்தது. பாதம் செருப்புக்குள் போகவில்லை. "செய்வின கால் வழியாத்தான் எறங்கும்," என்றார் சாமியார். அடுத்த மாதம் முகமும் வீங்கிற்று. "எறங்குறதுக்கு முன்னால ஒருக்கா மேல ஏறிப் பாக்கும்," என்றார். செய்வினைக்குப் படி ஏறி இறங்குவதே வேலை போலிருக்கிறது.

இராஜகுமாரி வெறுத்துப்போய் வீட்டைவிட்டுப் போக நினைத்தவள்தான். ஒரு நாள், அண்ணி அசந்து தூங்கும்போது, அவள் காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. நிமிர்ந்து படுக்க முடியாமல் அண்ணிக்கு மூச்சு இரைத்தது. கோபம் அவளுக்கு எங்கே போயிற்றோ தெரியாது. பயம் மட்டும் வந்தது.

மறுநாள் காலை அண்ணிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணி, ஒங்களுக்கு நான்தான் வச்சேன்னு சாமி சொல்றாரில்ல? என்னையும் சோதிக்கட்டும். சாமி சொல்றது சரின்னா நான் அன்னைக்கே பொட்டியத் தூக்கிட்டுப் போயிடுறேன். பிழைன்னா நீங்க எங்கூட பேராதனை ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"வா. எறும்பு ஒன்னைய சும்மா விடுமா?"

"போத்தல்ல என்னோடத ஊத்தல. தேத்தண்ணி ஊத்தப்போறேன். சீனி போடாத வெறுந்தேத்தண்ணி. நான் ஊத்தினா சந்தேகம் வரும். நீங்களே ஒங்க கையால ஊத்துங்க."

பரிமளத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "பைத்தியமாடி ஒனக்கு? சாமிக்கு ஞானதிருஷ்டி. போத்தல கண்டதுமே தேத்தண்ணின்னு சொல்லிருவாரு. ஒன்னைய வெரட்டி அடிப்பாரு."

"அடிக்கட்டும்."

பரிமளம் தன் கையாலேயே தேயிலைச் சாயம் ஊற்றினாள். தண்ணீர் கலந்து, நிறம் பார்த்து, போத்தலைக் கழுவித் துடைத்து நிரப்பினாள். சாமியாரைச் சோதிக்கிறோம் என்ற எண்ணம் அவளுக்குக் கொஞ்சமும் இல்லை. சாமியாரின் சக்தியை நாத்தனாருக்குக் காட்டப்போகிறோம் என்ற சந்தோஷம்தான் அவளுக்கு.

அந்த வெள்ளிக்கிழமையும் கொட்டில் நிறைந்த கூட்டம். முன்வரிசையில் விஸ்கிப் போத்தலோடு நவரட்ணராஜா. அவருக்குப் பக்கத்தில் அலவத்துகொடைப் பாயிஸா, புருஷனுக்குத் தெரியாமல் முக்காட்டுக்குள் போத்தலை ஒளித்துக்கொண்டு. மதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று சொல்கிறவர்கள் அங்கே வந்து பார்த்திருக்க வேண்டும்.

இராஜகுமாரியின் முறை வந்தது. சாமியார் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பரிமளம் காத்திருந்தாள். சாமியார் முகர்ந்தும் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"கெட்ட நாத்தம்," என்றார்.

பரிமளத்தின் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. இலையில் ஊற்றினார். இடப்பக்கத்து டப்பாவைத் திறந்து திருநீறு தூவினார். இலையைப் புற்றருகே வைத்தார். பிறகென்ன, எறும்பு ஊர்வலம்.

"பாத்தியா!" என்று சாமியார் எழுந்துவிட்டார். "அண்ணிக்கு வச்ச வின ஒனக்கே திரும்பிருச்சி! ஒன்னோட கிட்னி ரெண்டும் கருகிக் கெடக்கு! இந்தத் தண்ணியில மரணம் தெரியுது!"

கூட்டம் ஐயோ என்றது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் மெலிதாக ஒரு குரல் கேட்டது.

"சாமி... அது தேத்தண்ணிங்க."

சொன்னது பரிமளம்.

"என்ன?"

"நான்தாங்க ஊத்தினேன். வெறுந்தேத்தண்ணி."

இராஜகுமாரி சாமியார் கையிலிருந்த போத்தலை வாங்கினாள். எல்லாரும் பார்க்க அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். முன்வரிசையில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் கசக்குது அண்ணி. மத்தபடி மரணம் ஒண்ணும் தெரியல."

வேறொரு நாடாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நம் ஆட்களை அவ்வளவு குறைவாக எடைபோடக் கூடாது. சாமியார் ஒரு விநாடிதான் தடுமாறினார்.

"தேயில!" என்று கத்தினார். "தோட்டத்துல எத்தன தலமொற கண்ணீரு அதுல ஊறியிருக்கு தெரியுமா? தேயிலைக்கே சாபம் இருக்கு! அதத்தான் எறும்பு காட்டுது!"

நவரட்ணராஜா தலையை ஆட்டினார். "ஓம், அதிலையும் ஒரு நியாயம் இருக்குத்தானே."

"அப்பிடியா?" என்றாள் இராஜகுமாரி. அவளே ஒரு புது இலையை எடுத்தாள். போத்தலின் அடியில் மிஞ்சியிருந்ததை ஊற்றினாள். திருநீறு தூவவில்லை. புற்றருகே வைத்தாள். எறும்புகள் வந்தன. சுற்றிப் பார்த்தன. தங்கள் வேலையைப் பார்க்கப் போயின.

"தேயிலையோட சாபம் இந்த எலையில மட்டும் எப்பிடிங்க தீந்திச்சி?"

 சாமியாரின் கை மெல்ல இடப்பக்கத்து டப்பாவை நோக்கி நகர்ந்தது. இராஜகுமாரியின் கை முந்திவிட்டது.

திருநீறு கிடைத்தால் நெற்றியில் பூசிவிட்டு மிச்சத்தை வாயில் போட்டுக்கொள்வது நம்மவர் வழக்கம். பிறந்த குழந்தையின் நாக்கில்கூடத் தடவுவோம். இந்தக் கொட்டிலில் மட்டும் அதற்குத் தடை. நாக்கில் பட்டால் நாக்கு அழுகிவிடும் என்று முதல் நாளே சாமியார் எச்சரித்திருந்தார். இத்தனை மாதமாக, இத்தனை ஊர் ஆட்கள் வந்தும், ஒருவர்கூட வாயில் போட்டுப் பார்க்கவில்லை. ஆண்டாண்டு காலமாகச் செய்துவந்த பழக்கத்தை ஒரே சொல்லில் விட்டுவிட்டார்கள். வெற்றிலையை விடச் சொல்லி டாக்டர் தொண்டை கிழியக் கத்தினாலும் விடமாட்டார்கள்.

இராஜகுமாரி ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டாள். நாக்கு அழுகுமென்று கூட்டமே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இனிக்குது," என்றாள்.

"இஞ்ச தாங்க பாப்பம்." பாயிஸா முக்காட்டைத் தள்ளிவிட்டு முன்னுக்கு வந்தாள். நுனிவிரலால் தொட்டு நக்கினாள். "அல்லாவே, சீனி! மாவாட்டம் அரச்ச சீனியில்லயா கலந்து ஈக்குது!"

அதற்குப் பிறகு ஆளாளுக்கு நக்கத் தொடங்கினார்கள். வலப்பக்கத்து டப்பாவையும் ஒருவர் நக்கிப் பார்த்துவிட்டுத் துப்பினார். கற்பூரமும் மஞ்சளும் காரமாக அரைத்துக் கலந்திருந்தன. எறும்பு எப்படிக் கிட்டே வரும்? நவரட்ணராஜா கடைசியாக, நாகரிகமாக, கைக்குட்டையில் கொஞ்சம் போட்டு எடுத்துக்கொண்டு திரும்பி நின்று நக்கினார்.

இந்த அமளியில் சாமியார் தோள்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கத் தகரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினார். பையின் வார் ஆணியில் மாட்டி அறுந்தது. உள்ளே இருந்தவை கொட்டின. அம்மியில் அரைத்தும் அரைக்காமலும் கிடந்த வலி மாத்திரைகள், பிரசாதப் பொடிக் காகிதங்கள், இன்னொரு சிறு பையில் பத்திரமாகச் சுற்றிய சீனி வியாதி மாத்திரைகள். பக்தர்கள் அண்டாவில் போட்டவைதான் எல்லாம். பரிமளம் தன் மாத்திரைக் கடதாசியை அடையாளம் கண்டாள்.

ஓடியவர் நின்றார். திரும்பி வந்தார். கும்பிட்டார்.

"அடிக்கிறதுன்னா அடிங்க. அந்தச் சின்னப் பைய மட்டும் குடுத்துருங்க. எனக்குச் சீனி இருக்கு. மாத்திர போடாட்டி எனக்கு ஆகாதுங்க."

  ஊரார் மாத்திரையையெல்லாம் எறியச் சொன்ன அந்த மகானுக்கு, அந்த மாத்திரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது. 

பொலீஸ் வந்ததும் போனதும் வேறு கதை. இராஜகுமாரி அதற்குக் காத்திருக்கவில்லை. அண்ணியைக் கைத்தாங்கலாக பஸ்ஸில் ஏற்றிப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பொடிக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் லீலாதேவி யாழ்ப்பாணத்துப் பெண். சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அப்பாவுக்கும் சீனி வருத்தம் இருந்ததோ?"

"ஆமாங்க."

"கால் வீங்கினதோ? பிரஷர் எவ்வளவு காலமா? நோவுக்குக் கனகாலம் குளிசை போட்டனீங்களோ?"

பரிமளம் அழத் தொடங்கினாள். "சாமியாரும் இதையேதாங்க கேட்டாரு."

"கேள்வி சரியம்மா. மறுமொழிதான் பிழை." டாக்டர் பொடியை மேசைமேல் வைத்தார். "வீட்டில ஆருக்கும் இந்த வருத்தம் இருந்தால் மற்ற ஆக்களுக்கும் வரக்கூடும். அது சாபம் இல்லை. சீனியும் பிரஷரும் கட்டுப்பாடில்லாமல் கனகாலம் இருந்தால் கிட்னியைத் தின்னும். நோக் குளிசையைக் கண்டபடி போட்டால் அதுவும் சேர்ந்து தின்னும். அவன் மருந்தை நிப்பாட்டிப்போட்டு நஞ்சைத் தந்திருக்கிறான்."

"நல்லாகிடுமாங்க?" என்று கேட்டது இராஜகுமாரி.

டாக்டர் பொய் சொல்லவில்லை. "கிட்னி அரைவாசிக்கு மேல பழுதாப் போயிட்டுது. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். சீனியையும் பிரஷரையும் கட்டுப்பாட்டில வைக்கவேணும், உப்பைக் குறைக்கவேணும், நோக் குளிசையைத் தொடக்கூடாது. கூடப்பிறந்த ஆக்களையும் கூட்டிவாங்கோ, பாப்பம்."

பரிமளம் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.  "குமாரி, பொட்டிய நீ தூக்காத," என்று மட்டும் சொன்னாள். போன மாதங்கள் போனவைதான். அவற்றை எந்த டாக்டரும் திருப்பித் தரமுடியாது.

வெளியே, உட்காரப் போட்டிருந்த நீள வாங்கில் பார்த்தால், கொட்டிலில் இருந்த பாதிப் பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் அதே போத்தல்கள். நவரட்ணராஜா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். "நான் மனிசிக்காகத்தான் வந்தனான்," என்றார், யாரும் கேட்காமலே. மனைவியைக் கூட்டிவர மறந்துவிட்டார் போலிருக்கிறது.

போகும்போது பரிமளம் வாசலில் நின்று டாக்டரிடம் ஒன்று கேட்டாள்.

"ஒரு நாளும் அந்த எடத்துல வலிக்கலியேங்க? வலிச்சிருந்தா நான் அப்பவே வந்திருப்பேனே?"

"கிட்னி கெடேக்க வலிக்காது அம்மா. கடைசிமட்டும் சத்தம் போடாமல்தான் கெடும். அதாலதான் சோதிச்சுப் பாக்கச் சொல்லுறம்."

எனக்குத் தெரிந்து, வலிக்காமலே கெட்டுப்போகிற உறுப்பு இன்னொன்றும் இருக்கிறது. அது கழுத்துக்கு மேலே இருக்கிறது. கிட்னியைச் சோதிக்கப் பேராதனையில் ஆஸ்பத்திரி உண்டு. மற்றதை நீங்களே அடிக்கடி சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.